ஆற்றங்கரையில் ஒரு ரபிக்

ரொறன்ரோவுக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழக ஊர். ஆற்றோரப் பப்பின் வெளி மேசையில் இருக்கிறேன். மாலை வெயில் தண்ணீரில் மெல்லக் கரைகிறது. வாத்துகள் நித்திரையில் நடப்பதுபோல மிதந்து போகின்றன.

பக்கத்து மேசை அண்ணை ரொறன்ரோ, அஜின்கோர்ட் பக்கத்துக்காரர். மதியம் ஒரே மகளை எதிர்க்கரை விடுதியில் விட்டவர், இன்னும் வீட்டுக்குப் புறப்படவில்லை. வாங்கிய பியரைத் தொடவுமில்லை.

"எழும்பத்தான் பாக்கிறன் தம்பி, கால் கேக்குதில்லை."

இப்படிப் பேசுகிறவரை விட்டு நானும் எப்படி எழும்புவேன்?

போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் அவர் மனைவி.

"எங்க நிக்கிறியள்?"

"ஹைவேயில. சரியான ரபிக், வாகனம் நகருதில்லை."

அந்த நேரம் பார்த்து வாத்துகள் கூட்டமாகக் கத்துகின்றன. அது அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

"சரி, உந்த ரபிக்கிலயே இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ. பிள்ளையின்ர ஜன்னல் உங்கயிருந்து தெரியும்தானே? லைற் போட்டிட்டாளோ எண்டு பாத்திட்டு வாங்கோ."