ஸ்டெஃபி திரும்பிப் போன ஞாயிறு

எஸ்டேட் வேலைக்குப் போகும் தேவகுமாரியின் மகள் ஸ்டெஃபி, விமானம் ஓட்டப் படிக்கிறாள் என்றால் எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் யாரும் நம்பவில்லை. உள்ளே டீ கொடுக்கிற வேலையாக இருக்கும், ஆத்தாக்காரி அளந்து விடுகிறாள் என்றார்கள். எங்கள் ஊர் வாய்க்குப் பூட்டே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெஃபி தனியாக ஓட்டிப் பழகும் பயணத்தில் எங்கள் மலையைத் தாண்டுவதாக இருந்தது. சர்ச் முடிந்ததும் ஊரே காப்பி காயவைக்கும் களத்தில் கூடிவிட்டது. தேவகுமாரி கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஒவ்வொருவரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

தெற்கே ஒரு விமானம் சின்னதாகத் தெரிந்தது. பிறகு மூக்கைத் தாழ்த்தி, கீழே சமவெளிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

மேலே நடந்ததை ஸ்டெஃபி பின்னால் என்னிடம் சொன்னாள். உயரம் ஏற ஏறக் காற்று மெலியுமாம். அதற்கேற்ப எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்க வேண்டுமாம். அம்மா காத்திருக்கிற அவசரத்தில் அவள் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டாள். நல்ல வெயில் வேறு. சிலிண்டர் சூட்டைக் காட்டும் முள், ஆபத்தைக் குறிக்கும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெட்ரோலைக் கூட்டினால் சூடு தணியும். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடி எஞ்சினில் காற்று நன்றாகப் படும். ஆனால் தாழ்த்தினால் மலையைத் தாண்ட உயரம் போதாது. களத்தில் அம்மா நிற்பதுதான் நினைவுக்கு வந்தது என்றாள். இருந்தும் இரண்டையும் செய்து திரும்பிவிட்டாள்.

இங்கே களத்தில், பிள்ளை பயந்து ஓடிவிட்டது என்று சிரித்தார் டீக்கடைச் சித்தன். ஓட்டியதே வேறு யாரோ என்றார் இன்னொருவர். தேவகுமாரி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

சாயங்காலம் போன் வந்தது. பத்திரமாக இறங்கியதையும் எஞ்சின் சூடானதையும் சொல்லி ஸ்டெஃபி தேம்பினாள்.

"ஊர் முன்னால உங்க மானத்த வாங்கிட்டேனேம்மா."

"நீ நல்லபடியா எறங்குனியல்ல கண்ணு. எனக்கு அது போதும்."

போனை வைத்த கையோடு தேவகுமாரி சித்தன் கடைக்குப் போனாள். நானும் கூடவே போனேன். மத்தியானம் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏனுங்க, வண்டி நொம்ப சூடாயிருச்சுன்னு எம்புள்ளயேதானுங்க திருப்பிட்டா," என்றாள் தேவகுமாரி. "ஓட்டுறவளாலதானுங்களே திருப்ப முடியும்?"