நம்ம டிபார்ட்மெண்ட் தாவீது

சவுக்குமேடு தாவீதுக்குப் பள்ளிக் கல்வித் துறையில் வேலை கிடையாது. சம்பளம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, பென்ஷன் என்று கேட்டால் சிரிப்பார்கள். அவனிடம் இருப்பது ஒரு குட்டியானை வண்டி. அதில் துறையின் சரக்கை ஏற்றுவான், இறக்குவான். ஆனால் பேச்செடுத்தால் "நம்ம டிபார்ட்மெண்ட்" என்றுதான் ஆரம்பிப்பான். அந்தத் துறையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் "இந்த டிபார்ட்மெண்ட்" என்பார்கள், பல்வலியைப் பற்றிச் சொல்வதுபோல்.

தாவீதின் அப்பா உள்ளூரில் அடுத்தவன் வயலில் வரப்பு வெட்டியே காலத்தை ஓட்டியவர். கையகல நிலம் கிடையாது. தாவீது பத்தாவதோடு நிறுத்திவிட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேன் ஓட்டப் போனான். கம்பெனி கான்டிராக்டரை மாற்றியது, கான்டிராக்டர் டிரைவர்களை மாற்றினான். பிறகுதான் குட்டியானை. அதில் முதல் சவாரியே பாடப் புத்தகம். அடுத்து சீருடை மூட்டை, விலையில்லா செருப்பு, சைக்கிள் உதிரிகள். முன்கண்ணாடியில் 'அரசுப் பணி' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டான். சவாரி முடிந்த பிறகும் அதை அவன் கிழிக்கவில்லை. சவுக்குக் கட்டை ஏற்றிப்போனாலும் அது அரசுப் பணிதான்.

அவன் மனைவி பிரிசில்லா ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் துணி துவைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். திருவிடந்தைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற சவுக்குமேடு ஒன்றியப் பள்ளியில் மகள் ஜாக்குலின் நாலாவது படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி பிரிசில்லா. அவள் ஆசைப்பட்டு ஆனதல்ல. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகளை ஏன் ஈரத் தரையில் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டாள். கேள்வி கேட்டவரையே தலைவராகப் போட்டுவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்பது தலைமையாசிரியர் ஆனந்தனின் அனுபவம். இருபது வருடமாகப் பலித்த வைத்தியம் அது. பிரிசில்லாவிடம் பலிக்கவில்லை.

சவுக்குமேட்டுப் பள்ளித் தரை மழைக் காலத்தில் வியர்க்கும். கடல் பக்கம், மணல் பூமி, சிமெண்ட் பெயர்ந்த தரை. கார்த்திகை பிறந்தால் ஜாக்குலினுக்கு வீசிங் வரும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பிள்ளையைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதே என்றார். வீட்டில் கட்டில் வாங்கிப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில்?

பிரிசில்லா மனு கொடுத்தாள். தலைமையாசிரியர், அது வட்டார ஆபீஸ் விஷயம் என்றார். வட்டார ஆபீஸில், கட்டடம் ஒன்றியத்துடையது, அங்கே போம்மா என்றார்கள். ஒன்றியத்தில், சுவரும் தரையும்தான் எங்களுடையது, பெஞ்சு கல்வித் துறை என்றார்கள். கல்வி ஆபீஸில், அதற்கென்று தனித் திட்டம் இருக்கிறது, அந்தப் பிரிவு மாடியில் என்றார்கள். மாடியில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிப்பதே நவீன முறை என்று விளக்கினார்கள். விளக்கியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆக, தரை ஒன்றியத்துடையது, பிள்ளைகள் துறையுடையவர்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பெஞ்சுக்கு மட்டும் இந்த நாட்டில் சொந்தக்காரன் கிடையாது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

தாவீது அவளிடம் பொறுமையாக இரு என்பான். "நம்ம டிபார்ட்மெண்ட்டுல லேட்டாவும், ஆனா வந்துரும்."

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகளைக் கட்டி மேய்க்கிற பெரிய நிர்வாகம் எப்படி நடக்கிறது, யார் முடிவு எடுக்கிறார்கள், எடுத்த முடிவு கடைசிப் பள்ளிக்கூடம் வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். மூன்று பேர். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், துர்காதேவி என்கிற பேராசிரியை, கையில் டேப்லெட்டோடு ஒரு கன்சல்டன்சி இளைஞர். ஒரே நாளில் நாலு பள்ளி பார்ப்பார்கள்.

நிர்வாகம் எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு உண்மையான பதில் அன்று மாலையே தாவீதின் போனுக்கு வந்தது. கூப்பிட்டவர் கல்வி ஆபீஸ் கண்காணிப்பாளர் பார்த்தசாரதி. டவுனில் ஒரு பெரிய பெண்கள் பள்ளியிலிருந்து ஒரு வகுப்புக்கான பெஞ்சுகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். குழு போவதற்கு முன்னால் முதல் பள்ளியில் இறக்க வேண்டும். குழு பார்த்து முடித்ததும் ஏற்றி, குழுவுக்கு முன்னால் அடுத்த பள்ளியில் இறக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு வகுப்பைக் காட்டினால் போதும்.

அவர்கள் காரில் வருவார்கள், தன் வண்டி எப்படி முந்தும் என்று தாவீது கேட்டான். அதற்குத்தான் சால்வை இருக்கிறது என்றார் பார்த்தசாரதி.

திட்டம் அப்படி. குழு வகுப்பைப் பார்த்து முடித்ததும் மைதானத்தில் வரவேற்பு. மூன்று பேருக்கும் தனித்தனியே சால்வை, தலைமையாசிரியர் உரை, பிள்ளைகளின் நடனம், டீ, பஜ்ஜி. அந்த நேரத்தில் பின்வாசல் வழியாகப் பெஞ்சு வண்டியில் ஏறிவிடும். அன்று முதல் பள்ளியிலேயே, தமிழ்நாட்டில் விருந்தாளியை உபசரிக்கும் பண்பாடு குறையவில்லை என்று குழு நெகிழ்ந்துபோனது. இரண்டாவது பள்ளியில் ஒரு பெஞ்சு கதவில் சிக்கிக்கொண்டதால் கரகாட்டத்தை இரண்டு தடவை ஆடினார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி இரண்டு தடவையும் கை தட்டினார்.

துர்காதேவி மட்டும் பின்வரிசையில் போய் உட்காரும் பழக்கம் உள்ளவர். முதல் பள்ளியில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் 'காயத்ரி' என்று காம்பஸ் முனையால் யாரோ கீறி, பக்கத்தில் பாதி இதயம் வரைந்திருந்தார்கள். பார்த்துச் சிரித்தார். மூன்றாவது பள்ளியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், அதே காயத்ரி, அதே பாதி இதயம். காலையில் இந்தப் பேரைப் பார்த்தேனே என்று அங்கிருந்த தலைமையாசிரியரிடம் கேட்டார். நம்ம பக்கத்தில் காயத்ரிகள் ஜாஸ்தி மேடம் என்றார் அவர். பேராசிரியை தலையாட்டிக்கொண்டார்.

நாலாவது பள்ளி எது என்று தாவீதுக்கு மாமல்லபுரத்தில்தான் சொன்னார்கள். சவுக்குமேடு.

கேட்டில் பிரிசில்லா நின்றிருந்தாள். குழுவை வரவேற்கத் தலைவி வர வேண்டும் என்று ஆனந்தன் அன்று மதியம்தான் ரிசார்ட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இன்னாய்யா, வந்துச்சா?"

தாவீது வண்டியைவிட்டு இறங்கவில்லை. "ஒரு மணி நேரத்துக்குத்தான் பிரிசி. பாத்துட்டுப் போனதும் திருப்பி ஏத்திருவேன்."

அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "அவுங்க வந்து பெஞ்சு கீதுன்னு எழுதிகினு பூடுவாங்க. அப்பால நான் மனு எத்துகினு போனா, அதான் கீதே, பெரிய மனுசங்களே பாத்துட்டாங்களேன்னுவான். உன் பொண்ணு மூச்சு வாங்கிகினு கீறது உனக்குக் கேக்கலியா?"

"கேக்குது. நான் இன்னா பண்றது? நம்ம டிபார்ட்மெண்ட் வண்டியாச்சே."

"வண்டி உன்னுது. ஸ்டிக்கருதான் அவுங்களுது."

ஆனந்தன் வேர்த்துப்போய் ஓடி வந்தார். தனக்கு ரிட்டையர்மெண்டுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் தரையில் இருப்பதைக் குழு பார்த்தால் மெமோ ஒன்றியத்துக்குப் போகாது, மாடிக்கும் போகாது, நேராகத் தனக்குத்தான் வரும் என்று கெஞ்சினார். அது உண்மைதான். பெஞ்சுக்குத்தான் சொந்தக்காரன் இல்லை. மெமோவுக்கு எப்போதும் சொந்தக்காரன் உண்டு.

பிரிசில்லா வண்டியில் இருந்த பெஞ்சுகளை எண்ணினாள். பிறகு, "எறக்கு," என்றாள்.

பார்த்தசாரதி வழிகாட்டக் குழு வந்தபோது நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பெண்கள் உட்காரும் உயரம் அது. ஒருத்தன் காலும் தரையைத் தொடவில்லை. அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. டேப்லெட் இளைஞர் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டார். துர்காதேவி பின்வரிசைக்குப் போனார், உட்கார்ந்தார். விரல் தானாகப் போய் காயத்ரியின் மேல் நின்றது.

இந்த முறை அவர் தலைமையாசிரியரைக் கேட்கவில்லை. முன்னால் இருந்த ஜாக்குலினிடம், "இந்த பெஞ்சு எப்ப வந்தது கண்ணு?" என்றார்.

"இப்பதான் மிஸ். எங்கப்பா எறக்குனாரு."

பார்த்தசாரதிக்கு இருமல் வந்தது. ஆனந்தன் சுவரில் திருவள்ளுவரைப் பார்த்தார். ஓய்வு பெற்ற அதிகாரி புருவத்தை உயர்த்துவதற்குள் பிரிசில்லா முன்னால் வந்துவிட்டாள்.

"ஆமாங்க மேடம். ரெண்டு வருசமா கேட்டுகினே இருந்தோம். இன்னிக்குத்தான் எங்க ஸ்கூலுக்குன்னு குடுத்துட்டாங்க. நீங்க வர்ற நாளாப் பாத்து பார்த்தசாரதி சாருதான் அனுப்பி வெச்சாரு. புள்ளைங்களா, சாருக்குக் கை தட்டுங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். மேசைமேல் குழுவுக்காக மடித்து வைத்திருந்த சால்வைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தசாரதியின் தோளில் போட்டாள் பிரிசில்லா. காலையிலிருந்து அந்தச் சால்வைகளை வைத்து நேரம் கடத்திய மனிதர், தன் தோளில் ஒன்று விழுந்ததும் தானாகக் கை கூப்பினார். பொன்னாடை போர்த்திய பிறகு, இது இரவல் பெஞ்சு என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்?

துர்காதேவி பார்த்தசாரதியைப் பார்த்தார், பிரிசில்லாவைப் பார்த்தார். விரலைக் காயத்ரியிலிருந்து எடுத்தார். "கேட்டவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. நல்ல விஷயம் சார். இந்தப் பெஞ்சோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமே," என்றார். எடுத்தார்கள். ஒரு முனையைப் பார்த்தசாரதியும் மறுமுனையைப் பிரிசில்லாவும் பிடித்திருக்கிற படம். அதில் ஒருவர்தான் சிரிக்கிறார்.

கார் போனது. தாவீது வண்டியின் பின்கதவைத் திறந்தான். பள்ளி மேலாண்மைக் குழுவின் மற்ற அம்மாக்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றாதே என்று பிரிசில்லா அவனிடம் சொல்லவில்லை. "ஏத்துய்யா," என்றாள். எழுந்திருக்கத்தான் இல்லை. ஜாக்குலினும் அவள் பக்கத்தில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

துறை ஒரு பக்கம், சொந்தப் பிள்ளை ஒரு பக்கம். நடுவில் தாவீது கொஞ்ச நேரம் தார்ப்பாயை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு பின்கதவைச் சாத்தினான். காலி வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். பெண்கள் பள்ளி வாசலில் பார்த்தசாரதி சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பெஞ்சு எங்கடா?"

"நம்ம டிபார்ட்மெண்ட்லதான் சார் கீது."

அதோடு தாவீதுக்குத் துறையின் சவாரி நின்றது. இப்போது வேறொருவன் வண்டியில் புத்தகம் போகிறது. ஆய்வறிக்கையும் வந்தது. பார்த்த நாலு பள்ளியிலும் இருக்கை வசதி போதுமானது என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியை மட்டும் தனிக் குறிப்பு எழுதினாராம், அது பின்னிணைப்பில் இருக்கிறதாம். பின்னிணைப்பை எவன் படிக்கிறான்? போதுமானது என்றதும், மற்ற மூன்று பள்ளிகளுக்கும் இனிமேல் பெஞ்சு கேட்க வாயில்லை.

துண்டறிக்கை எழுதுகிறவன் இந்தக் கதைக்கு 'வெற்றி' என்று தலைப்பு போடுவான். போடட்டும். ஜாக்குலின் அந்த மழைக் காலத்தில் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அது பொய்யல்ல. ஆனால் டவுனில் ப்ளஸ் ஒன் பெண்கள் தரைக்கு வந்துவிட்டார்கள். தரையில் உட்கார்ந்த பிள்ளைகளின் கணக்கு குறையவில்லை. பிள்ளைகள்தான் மாறினார்கள்.

அதைக் கேட்கத்தான் ஒரு நாள் டவுன் பெண்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி சின்னப்பொண்ணு, நாலைந்து அம்மாக்களோடு பஸ் ஏறி சவுக்குமேட்டுக்கு வந்தாள். வகுப்புக்குள் எட்டிப் பார்த்துத் தங்கள் பெஞ்சை அடையாளம் கண்டாள். காயத்ரி அவளுடைய மகள்தான். பிரிசில்லா ஜாக்குலினின் வீசிங்கைச் சொன்னாள்.

"உன் புள்ளைக்கு மூச்சு வாங்கும், எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா, முதுகு இரும்புலயா செஞ்சிருக்குது?" என்றாள் சின்னப்பொண்ணு.

பிரிசில்லா காயத்ரியின் பேர் கீறிய பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில், ரெண்டு ஸ்கூலுக்கும் சேர்த்து ஆபீஸ்ல போய்க் கேப்போம், வர்றியா என்றாள். சின்னப்பொண்ணு முறைத்தாள். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.

வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தாவீது திரும்பினான். "பஸ்ஸு எதுக்கு? வண்டி காலியாத்தான் கீது. ஏறுங்க."

இரண்டு பள்ளி அம்மாக்களும் பின்னால் ஏறினார்கள். 'அரசுப் பணி' ஸ்டிக்கர் இன்னும் கண்ணாடியில் இருந்தது. வண்டியில் பெஞ்சு எதுவும் இல்லை. ஆபீஸ் போய்ச் சேரும்வரை எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்து வந்தார்கள்.