நான்காவது சக்கரத்தில் சொன்ன பொய்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் ஒரு லாரி ஷெட்டில் நான் மெக்கானிக். பிரேக் லைனில் காற்று புகுந்துவிட்டதென்று ஜல்லி லோடோடு ஒரு லாரி வந்தது. வடக்குப்பட்டுக்கார டிரைவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து ஒவ்வொரு சக்கரமாக நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை எடுத்தேன். மூன்று முடிந்தது. நான்காவது நிப்பிள் துருவேறி இறுகியிருந்தது. உடைந்தால் முதலாளி என் தோலை உரித்துவிடுவார். திறப்பதுபோல ஸ்பேனரால் சும்மா இரண்டு தட்டு தட்டினேன்.

"மிதிச்சுப் புடிங்கண்ணே. ம்... ஆச்சு."

அவர் இறங்கி வந்தார். "நீ மேல குந்தி மிதி. நான் கீழ பட்துக்கிறேன்" என்றார். நான் மேலே ஏறிப் பெடலை மிதித்தேன்.

மண்ணெண்ணெய் விட்டு, நிதானமாகத் தட்டித் தட்டி அவர் நிப்பிளைத் திறந்தார். அதுவரை எதிர்த்து நின்ற பெடல் என் காலடியில் மெல்ல இறங்கியது.

"எறங்குச்சா?" கீழிருந்து கேட்டார்.

"எறங்குச்சுண்ணே."

நான் 'ஆச்சு' என்றபோது பெடல் இப்படி இறங்கவில்லை; நிப்பிளை நான் திறக்கவே இல்லை என்பது அவர் காலுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. முதலாளியிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்றும் வண்டிக்கடியில் படுத்தால், மேலே பெடல் மிதிப்பவரின் கால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.