சீனியர் வகுப்பை அளந்த வருஷம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, இனிப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டத் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்ன காலம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு, அதுவரை அதன் வாசலையே மிதிக்காத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவரின் மகள் நான். எனக்குப் பக்கத்தில், அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகள் உட்கார்ந்தாள். நல்ல காலம்தான். ஆனால் பிள்ளைகள் பெருகினார்களே தவிர கட்டடம் பெருகவில்லை.

அது பள்ளிக்கூடத்துக்கென்று கட்டிய கட்டடமும் அல்ல. எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி தன் குடும்பம் வாழக் கட்டிய மாடிவீடு. அவர் படுத்துறங்கிய அறையில்தான் எங்கள் சீனியர் வகுப்பு நடந்தது. நாலு பேர் இருக்கவேண்டிய வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். ஓரத்தில் இருப்பவள் ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் விழுவாள். அந்த ஓரம் என்னுடையது. வகுப்பில் கடைசியாகச் சேர்ந்தவள் நான். யப்பான்காரன் குண்டு போட்டபோது அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்கு ஓடினார். மற்றவர்கள் எல்லாம் கொழும்புக்குத் திரும்பிய பிறகும் அவர் வர மறுத்துவிட்டார். யுத்தம் முடிந்துதான் வந்தோம். அதனால் வரவு குறிக்கும் இடாப்பில் என் பெயர் கடைசியில் நின்றது.

எனக்கு அடுத்து இருந்த அந்த மூட்டைக்காரரின் மகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கணக்கில் புலி. டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் இவள் விடையை என் உள்ளங்கையில் விரலால் எழுதிவிடுவாள். என்னைக் ‘கடைசிப் பெட்டி’ என்று கூப்பிடுவாள். ரயிலின் கடைசிப் பெட்டியாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கு எதற்குத்தான் கோபம் வராது? அவளோடு மட்டும் அந்தக் கோபம் மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்காது.

அந்த வருஷத்தின் முதல் தவணையில் கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட தமிழர். அளவு நாடாவின் ஒரு நுனியைப் பியூன் பிடிக்க, மறு நுனியை அவரே பிடித்துக்கொண்டு அறையை நீளமாகவும் அகலமாகவும் அளந்தார். அதோடு விட்டாரா? அலுமாரி நின்ற இடத்தைக் கழித்தார். டீச்சரின் மேசையும் கதிரையும் நின்ற இடத்தைக் கழித்தார். மூலையில் மாதா சுரூபம் வைத்திருந்த பீடத்தையும் அளந்து கழித்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எடியே, மாதாவையும் கழிக்கிறார்” என்று என் தோழி காதுக்குள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறையே செத்த வீடு மாதிரி இருந்த நேரத்தில் நான் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

எங்கள் தலைமை ஆசிரியை பிரான்சு தேசத்துக் கன்னியாஸ்திரி. எல்லோரும் மதர் என்போம். அவரிடம் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

“மதர், ஒரு பிள்ளைக்கு இத்தனை சதுர அடி எண்டு சட்டம் இருக்கு. இந்த அறைக்குப் பிள்ளையள் கூட. காசநோய் இந்தப் பக்கத்தில எப்பிடிப் பரவுது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பிள்ளையள் மூச்சு விட இடம் வேணும்.”

வருஷக் கடைசியில் திரும்ப வருவதாகவும், அப்போதும் சரிவராவிட்டால் சீனியர் வகுப்பு நடத்தும் அனுமதியே போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவரைச் சபித்தேன். இப்போது சபிக்க மாட்டேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் தெருவிலேயே இருமி இருமிச் செத்தவர்கள் இருந்தார்கள். சட்டம் செய்தவன் எங்கள் நுரையீரலை நினைத்துத்தான் செய்திருக்கிறான். எங்களுக்கு நுரையீரலைத் தவிர வேறும் சில இருந்தன என்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பாசிரியை வந்து எங்கள் முன்னால் நின்றார். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிற, இன்னும் கல்யாணமாகாத இளம் பெண். கணக்குப் பாடமும் அவர்தான் எடுப்பார். வகுப்பு நிலைக்க வேண்டுமென்றால் கடைசியாகச் சேர்ந்த சில பேரைத் தவணை முடிவில் அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வேறு பள்ளிக்கூடம் தேடலாம் என்றால் எங்கும் இதே நெரிசல். பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருந்தால் அடுத்து வருவது கல்யாணப் பேச்சு. எனக்குப் படிக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு அந்த வயதில் வேறு ஆசையே இருக்கவில்லை. நான் வாங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

என் தோழி அழவில்லை. கையை உயர்த்தினாள்.

“டீச்சர், இன்ஸ்பெக்டர் கணக்குப் பாக்கிறது இடாப்பில இருக்கிற பேரையோ, வாற ஆக்களையோ?”

“சராசரி வரவைத்தான் பாப்பினம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாறியள் எண்டது.”

அவள் என் உள்ளங்கையை இழுத்து விரலால் என்னவோ எழுதி அழித்தாள். பிறகு மறுபடியும் எழுந்தாள்.

“அப்ப ஒருத்தரையும் அனுப்பத் தேவையில்லை டீச்சர். முறை வைப்பம். ஒவ்வொருத்தரும் கிழமையில ஒரு நாள் வீட்டில நிப்பம். எங்கட தோட்டத்தில பைப் ஒண்டுதான். அதுக்காக ஆரையும் வீட்டை விட்டு எழுப்பினதோ? முறைக்குத்தான் தண்ணி பிடிக்கிறம்.”

கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்கக் கூடாது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒற்றை அறை வீடுகள். கிராண்ட்பாஸ் பக்கத்தில் அப்படி ஒரு தோட்டத்தில்தான் அவள் குடும்பம் இருந்தது. அங்கே பிறந்தவளுக்குத்தான் இந்த யோசனை வரும். எங்கள் வீட்டில் பைப் எங்களுக்கு மட்டும் இருந்தது.

டீச்சர் அதை மதரிடம் கொண்டுபோனார். மதர் புத்தகத் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“இதில் பொய் இருக்கிறதா?”

“இல்லை மதர். வராத பிள்ளை உண்மையாகவே வராது.”

“அப்படியானால் செய்யுங்கள்.”

அலுமாரி விறாந்தைக்குப் போனது. டீச்சரின் மேசையும் போனது. அந்த வருஷம் முழுக்க அவர் நின்றுகொண்டே படிப்பித்தார். மாதாவை மட்டும் மதர் அசைக்க விடவில்லை. எல்லோருக்கும் ஒரு நாள் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வியாழன், அவளுக்குப் புதன். வராதவளுக்கு அடுத்த நாள் பக்கத்தில் இருப்பவள் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். என் பெயர் இடாப்பில் நிலைத்தது. நான் அவளைக் கட்டிப் பிடித்தேன். “விடு, கடைசிப் பெட்டி. எஞ்சின் போற இடத்துக்கெல்லாம் பெட்டியும் வரத்தானே வேணும்” என்றாள்.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருந்தது. அம்மா உளுந்து அரைக்கச் சொல்வார், அரைப்பேன். பின்னேரம் அப்பா வந்ததும், “இண்டைக்கு எத்தினை பக்கம் படிச்சனீ?” என்று கேட்பார். வெள்ளி காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அவள் வீட்டில் அப்படி இல்லை. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்று சொல்வார்களே, அதுபோல அந்தப் புதன்கிழமை பாய் கேட்டது. இரண்டாம் தவணையில் ஒரு கிழமை வியாழனும் அவள் வரவில்லை என்று எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அதற்கடுத்த கிழமை செவ்வாயும் இல்லை. “அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது” என்றாள். பிள்ளை பிறந்த பிறகு ஒரு கிழமை முழுதும் வரவில்லை. பிறகு இன்னொரு கிழமை.

என் வியாழன் ஒன்றில் பாடக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா காலையில் இடியப்பம் அவித்துத் தெருவில் விற்பவர். வாசலில் உட்கார்ந்து அரிசி மா அரித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உள்ளே என் தோழி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு தம்பிமார் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“மாமி, இவ எப்ப வருவா? சோதினை வருது” என்றேன்.

“வா மகள், இரு” என்றார் அவர். எனக்குக் கோபப்பட ஏலாத மாதிரி அன்பாகத்தான் சொன்னார். “நான் அனுப்ப மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா மகள், புதன்கிழமையள்ல இவள் நிண்டபிறகுதான் நான் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து ஒருக்காப் பகல்ல படுத்தனான். பள்ளிக்கூடமே ஒரு நாளைக்கு இவள் வேண்டாம் எண்டுதானே சொன்னது. அவையளுக்கு ஒரு நாள் இவள் இல்லாமல் ஏலும் எண்டா, மற்ற நாளும் ஏலும்தானே? எனக்கு இவள் இல்லாமல் ஒரு நாளும் ஏலாது.”

நான் வாயாடி. எங்கள் வீட்டில் என் வாயை அடைக்க ஆள் இல்லை. அன்று கொப்பிகளை அந்த வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் சொன்னது அநியாயம் என்று தெரியும். அதில் எந்த இடத்தில் அநியாயம் இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. டீச்சரும் ஒரு நாள் போய்ப் பேசினார். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று பதில் கிடைத்தது.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது நாடாவை எடுக்கவே இல்லை. இடாப்பைப் புரட்டினார், வாங்குகளுக்கு நடுவே நடந்தார், யன்னலடியில் நின்றார். “இப்ப நல்லா இருக்கு மதர். காத்து வருது” என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. சில நாட்களில் முடிவு வந்தது. கட்டடம் சட்டத்துக்குப் பொருந்துகிறது, சீனியர் வகுப்பு தொடரலாம், இன்னும் சில பிள்ளைகளைச் சேர்க்கவும் இடமுண்டு. டீச்சர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, இனி முறை தேவையில்லை, எல்லோரும் எல்லா நாளும் வரலாம் என்றார். யாரும் கை தட்டவில்லை.

ஏனென்றால் இடம் எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். என் தோழி மட்டும் அல்ல, இன்னும் சிலருக்கும் ஒரு நாள் இரண்டாகி, இரண்டு எல்லா நாளுமாகி இருந்தது. முறை வைத்தபோது எல்லோருக்கும் சமமாகத்தான் வைத்தோம். திரும்பி வராதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் இல்லை என்று கதவைத் திறந்துவிட்டபோது வந்தார்களே, அவர்கள். பெண்பிள்ளை ஒரு நாள் வீட்டில் நின்று பார்க்கட்டும், அந்த வீடு அவளைத் திருப்பித் தராது என்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை கணக்குத் தெரிந்த அவளுக்கும் தோன்றவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் ஆறுவதே இல்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடியப்பத் தட்டுகளை வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

“இடம் இருக்காம்” என்றேன் மூச்சு வாங்க. “இனி முறை இல்லை. எல்லா நாளும் வரலாம். உன்ர பேரை இன்னும் வெட்டேல்லை, டீச்சர் வெட்டாமல் வைச்சிருக்கிறா. தை மாசம் வா. நீ கட்டாயம் வரவேணும்.”

அவள் கடைசித் தட்டையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அல்ஜீப்ராவில எவ்வளவு தூரம் போயிட்டீங்கள்?” என்று கேட்டாள்.

அவள் கடைசியாக வந்த நாளில் செய்துகொண்டிருந்த பாடத்தை முடித்து, அதற்குப் பிறகு வந்த பாடங்களையும் முடித்து, புத்தகத்தின் கடைசிப் பகுதியில் நின்றோம்.

“ஒண்டும் போகேல்லை” என்றேன். “நீ விட்ட இடத்திலதான் நிக்கிறம்.”

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள். தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்ப பிடிச்சிடலாம், அழாத” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.