மழை பெய்தும் போகாத கரண்ட்

அரியலூரில் பெரிய மாமா வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குச் சித்தி படித்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. கேள்விகளை உரக்க வாசிப்பது என் வேலை. வாதத்தைப் பலவீனப்படுத்தும் விடை எது என்ற கேள்விகளில்தான் சித்தி அடிக்கடி தடுமாறுவாள். சரியான விடை பிடிபட்டதும் எனக்கே பாடம் நடத்துவாள்.

“மழை பெஞ்சா கரண்ட் போயிடும்னு ஒருத்தர் சொல்றார். எப்படி மறுப்பே?”

“நேத்து மழையே இல்லாம கரண்ட் போச்சே!”

“அதனால அவர் சொன்னது பொய்யாயிடுமா? மழை பெஞ்சும் கரண்ட் போகலைன்னு காட்டணும்டி.”

அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

சித்திக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. தாத்தா இல்லாத வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “ஹாஸ்டலுக்குப் போனா பொண்ணு கையை விட்டுப் போயிடும். வேணாம்.”

சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் துணைக்கு வந்தாள். “பக்கத்துத் தெருப் பொண்ணு ஹாஸ்டலுக்கா போனா? வூட்ல இருந்தவதானே ஓடிப்போனா?”

மாமா அசையவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அது மழை இல்லாம கரண்ட் போன மாதிரிம்மா. ஹாஸ்டலுக்குப் போயும் கையை விட்டுப் போகாதவங்களைக் காட்டணும்.” மாமா பக்கம் திரும்பினேன். “அத்தை திருச்சி ஹாஸ்டல்ல தங்கித்தானே பி.எட். படிச்சாங்க? இங்கதானே இருக்காங்க?”

குழம்புக் கரண்டியோடு நின்ற அத்தைதான் முதலில் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சித்தியும் அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். மாமா மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

“டிக்கெட் போடறதுன்னா இப்பவே போடுங்க. அப்புறம் கெடைக்காது” என்று எழுந்து போனார்.

சித்தி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். ஒரு வாரத்துக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ஸ்டேஷனில் சித்தியின் ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் அத்தை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்குப் பின் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தாதவள் அவள். கண் கலங்கியிருந்தது. சித்தியைப் பிரிந்த வருத்தம் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துப் பெரிய மனுஷிபோல ஆறுதல் சொன்னேன்:

“அழாதீங்க அத்தை, தீபாவளிக்கு வந்துடுவாங்க.”