காத்தாடி எந்தப் பக்கம் ஊதுகிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜொகூர் மாசாயில் எங்கள் வீட்டு ஹாலில் நான் ஊதுபத்தி கொளுத்தினேன். சாமிக்கு இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு!

சிரிக்காதீர்கள். ஆயுத பூஜையும் இல்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் கணவர் குணாவைப் பற்றி இந்தப் பத்தியில் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை — சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் மற்ற மோட்டார்களோடு ஊர்ந்து அந்தக் கரை போய், சாயங்காலம் அதே வழியில் ஊர்ந்து திரும்புபவர். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க அப்படித்தான் ஓடியது.

இந்த வருடம் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்த மனிதர் திடீரென்று வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா? உட்கார்ந்து என்று எழுதியது தப்பு. உட்காரவே மாட்டார்கள்!

கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். அது காய்வதற்குள் பிடிக்காமல் போய் நீலம் அடித்தார். ஃபிரிட்ஜை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினார். நான் எழுத உட்கார்ந்தால், நாற்காலி ஆடுகிறது என்று என்னை எழுப்பிவிட்டு, ஆடாத நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினார். வாசலுக்குப் போவார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். அவர் நடக்க நடக்க, உட்கார்ந்திருந்த எனக்கு மூச்சு வாங்கியது.

சும்மா நடந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. ஜொகூர் பக்கமே வேலையும் தேடினார். ஒரு கம்பெனி வீடியோ காலில் இண்டர்வியூ வைத்தது. சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"லேப்டாப் சூடாயி டப்புன்னு ஆஃப் ஆயிருச்சு," என்றார். "உள்ள காத்தாடி ஓடலன்னு நெனைக்கிறேன்."

"திரும்ப ஆன் பண்ணிக் கூப்பிடுங்களேன்?"

"இந்நேரம் வேற ஆளப் பார்க்கப் போயிருப்பாங்க. விடு."

லேப்டாப் சூடாவது உண்மைதான். மடியில் வைத்து எழுதி எனக்கே தொடை சிவந்திருக்கிறது. அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்புறம் செனாய் பக்கம் இன்னொரு தொழிற்சாலை கூப்பிட்டது. அதற்கும் வீடியோ கால்தான். திங்கட்கிழமை காலை.

"இந்த லேப்டாப்ப நம்ப முடியாதுலா," என்றார் குணா. "நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். எத்தனை பெரிய மெஷினெல்லாம் பிரிச்சு மாட்டியிருக்கேன்... இது ஒரு பெட்டிதானே?"

பெட்டிதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நான்கு காத்தாடிகள், அதாவது குட்டி ஃபேன்கள், இருந்தன. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, நடுவில் பிராசசர் தலைமேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வால் மாதிரி ஒரு மெல்லிய வயர். அந்த வயர்களைச் செருக, மதர்போர்டில் அங்கங்கே குட்டிக் குட்டிப் பின்கள். எந்தப் பின் எதற்கு என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் — எறும்புக்கு மட்டும் தெரியும் அளவில்.

ஞாயிறு காலையில் மற்ற எல்லாமே மளமளவென்று மாட்டியாகிவிட்டது. மத்தியானம் சுவிட்சைத் தட்டினார். நான்கும் ஓடின! அவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

திரையில் ஒரு வரி வந்தது. பிராசசர் காத்தாடி ஓடவில்லையாம்.

"ஓடுதே! கண்ணு முன்னாடி ஓடுதே!" திரையைப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

நான் கையேட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தேன். பிராசசர் காத்தாடியின் வயரை அதற்கென்று இருக்கும் பின்னில்தான் செருக வேண்டுமாம். இவர் அதைப் பக்கத்துப் பின்னில் செருகியிருந்தார். காத்தாடி ஓடுவதைப் பார்க்க மதர்போர்டுக்குக் கண்ணா இருக்கிறது? அந்தக் குறிப்பிட்ட பின் வழியாகச் சேதி வந்தால்தான் அது நம்பும். வயரை மாற்றினோம். அந்த வரி மறைந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சும்மா இருக்காமல் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க, முன்னாடி காத்து உள்ள போகணும், பின்னாடி சூடு வெளிய வரணும்னு சொன்னீங்க. இங்க ஒண்ணும் வெளிய வரலியே?"

அப்போதுதான் அந்த ஊதுபத்தி. கொளுத்திப் பின்பக்கம் நீட்டினேன். புகை வெளியே போகவில்லை. வளைந்து, நெளிந்து, சுகமாகப் பெட்டிக்குள் போனது! பின்பக்கக் காத்தாடியைத் திருப்பி மாட்டியிருந்தார். அதுவும் காற்றை உள்ளேயே இழுத்துக்கொண்டிருந்தது.

"அலமாக்!" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் எறிந்தார். "ஒரு காத்தாடி மாட்டத் தெரியல எனக்கு. ஒரு காத்தாடி!"

குரல் உடைந்திருந்தது. காத்தாடிக்கா இவ்வளவு என்று தோன்றியது.

சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டு, காத்தாடியைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே இருந்து ஸ்க்ரூ முடுக்கினேன். மூன்று போட்டாயிற்று. நான்காவது என் விரலில் இருந்து நழுவி உள்ளே விழுந்தது.

உள்ளே இரும்பு கிடக்க கரண்ட் கொடுத்தால் மதர்போர்டு கருகிவிடும் என்று காலையில்தான் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்.

"அசையாதீங்க. அசைஞ்சா போர்டுக்கு அடியில உருண்டுடும்."

அசையாமல் உட்கார்ந்தார். வேலை போன பிறகு அவர் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் போன் டார்ச்சை அடித்து மூலை மூலையாகத் தேடினேன்.

"கோமதி."

"ம்..."

"அன்னைக்கு லேப்டாப் தானா ஆஃப் ஆகல."

நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

"நான்தான் பட்டன அமுக்கிட்டேன்."

டார்ச் அதே இடத்தில் நின்றுவிட்டது. "ஏன்?"

"கேள்வி கேட்டவன் சின்னப் பையன். மரியாதையாத்தான் கேட்டான். 'இந்த வயசுல உங்கள நாங்க ஏன் எடுக்கணும், அங்கிள்?' வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு. அவன் பார்த்துக்கிட்டே இருந்தான். கை தானா போயி அமுக்கிருச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்படியானால் இந்தப் பெட்டி, இந்த வயர், இந்த ஞாயிற்றுக்கிழமை... எல்லாம் எதற்கு? கேட்க நிமிர்ந்தேன். வியர்வை வழிந்து அவர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்ததால் துடைக்க முடியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன்.

"அப்ப இந்தக் கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

"தெரியல. எதையாச்சும் ஒண்ண ஒழுங்கா ஓட வைக்கணும் போல இருந்துச்சு."

வாராவாரம் ஊருக்கே யோசனை சொல்கிறவள் நான். டார்ச்சை மறுபடி பெட்டிக்குள் அடித்தேன்.

"நாளைக்கும் அதே கேள்வி வரும்," என்றேன்.

"வரும்."

"இந்தப் பெட்டியிலயும் ஆஃப் பட்டன் இருக்கு."

"இருக்கு."

"அதோட வயர் எது?"

நாடியால் காட்டினார். ஓரத்தில், இரண்டு பின்னில் செருகிய ஒரு வயர்.

"நாளைக்கு நீங்க ஆன் பண்ணதும் அத நான் புடுங்கிடுவேன்."

ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள்... தோள் குலுங்க, கை குலுங்க, பெட்டியே குலுங்க! எங்கேயோ இடுக்கில் மாட்டியிருந்த ஸ்க்ரூ 'டிங்' என்று தரையில் வந்து விழுந்தது.

மாட்டினோம். ஆன் பண்ணிவிட்டு ஊதுபத்தியை மறுபடி நீட்டினேன். புகை பெட்டியை விட்டு விலகி, நேராக என் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே கைதட்டினேன்.

மறுநாள் காலை அவர் சுவிட்சைத் தட்டினார். சொன்னபடி அந்த வயரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தேன் என்று எழுத ஆசை. மறுமுனை பெட்டியோடு இருந்ததால் அப்படியே தொங்கவிட்டேன். பிறகு சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டேன்.

காத்தாடிகளின் வேகத்தைக் குறைக்க எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. நான்கும் முழு வேகத்தில் லாரி மாதிரி இரைந்தன. இண்டர்வியூ செய்த பெண்மணி எடுத்ததுமே, "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். இவர் கேமராவைத் திருப்பித் திறந்த பெட்டியைக் காட்டினார். நானும் மனைவியும் மாட்டியது, முதல் முறை, ஒன்றைத் தலைகீழாக மாட்டி ஊதுபத்தியால் கண்டுபிடித்தோம் என்றார். அந்த அம்மா சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. வேறு வார்த்தைகளில், ஆனால் அதே கேள்வி.

காத்தாடிச் சத்தம் மட்டும். குணாவின் வலது கை மேசையை விட்டு மெதுவாகப் பெட்டிப் பக்கம் நகர்ந்ததை நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து முழங்கால்மேல் உட்கார்ந்தது.

ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "மெஷின் நின்னுட்டா என்னால சும்மா உக்கார முடியாது, மேடம். அது ஓடுற வரைக்கும் சுத்திக்கிட்டே இருப்பேன். என் மனைவியக் கேட்டுப் பாருங்க."

கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெயின்ட் கதையைச் சொல்லியிருப்பேன்.

அந்த வேலை கிடைத்ததா? இல்லை. வருத்தத்துடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் அதைக் கோப்பி குடித்துக்கொண்டே இரண்டு தரம் படித்தார். அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். அதற்கடுத்த இடத்துக்கும் போட்டார். எந்த இண்டர்வியூவிலும் கம்ப்யூட்டர் நடுவில் அணையவில்லை. இப்போது பாசிர் கூடாங்கில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு வருட ஒப்பந்தத்தில் ஷிஃப்ட் வேலை. நேற்று ஏதோ ஒரு பம்ப் மக்கர் பண்ணுகிறது என்று புலம்பிக்கொண்டே சாப்பிட்டார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால், இந்தக் காலத்தில் மெஷின்கள் நம் பழியை எவ்வளவு சுமக்கின்றன! 'லைன் கட் ஆயிருச்சு.' 'மெசேஜ் வரவே இல்ல.' 'கேமரா வேலை செய்யல.' பாவம், அவை எதிர்த்துப் பேசுவதில்லை. நாமும் உடனே நம்பி, புது போன் வாங்கிக்கொள்ளச் சொல்லி யோசனை சொல்கிறோம்.

அடுத்த முறை வீட்டில் யாராவது 'சார்ஜ் போயிருச்சு' என்று சொன்னால், சார்ஜரைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பாருங்கள்... போனது போனில்தானா என்று.