திருட்டுத் தண்ணீர்

ஒன்றும் செய்யாமல் இருப்பதை ஒரு வேலை என்று சொல்லலாமா? எங்கள் குடியிருப்பின் தரைத்தளப் பின்வீட்டில் இருக்கும் மீட்டர் அக்காவைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் எழும். புத்தகங்களில் இதற்கு நிறைய விடைகள் இருக்கின்றன. எதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அக்காவிடமே கேட்டால், "ஏன், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று திருப்பிக் கேட்பார்.

மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய், மாடிப்படிக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குப் பின்னாலும் பதுங்கியிருக்கும் பெட்டிகளை டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணைக் கருவியில் தட்டிவிட்டு அடுத்த படி ஏறுகிறார். "போன மாசம் நாங்க வீட்லயே இல்லையே, எப்படி இவ்ளோ ஓடுச்சு?" என்று யாராவது சண்டைக்கு வந்தால், "நான் ஓட்டலைங்க. பாக்கத்தான் வந்தேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கோபமாக வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பியதும் உண்டு.

அவரை ஞானி என்று சொல்ல மாட்டேன். பேருந்தில் இடம் பிடிக்க முழங்கையை நன்றாகவே பயன்படுத்துவார். மாமியாரோடு தொலைக்காட்சி ரிமோட்டுக்காகச் சண்டை போடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வேறு யாரிடமும் நான் பார்க்காத ஒரு பொறுமை இருந்தது.

அது ஒரு செடியில் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒன்றரை வருஷமாகப் பூட்டிக்கிடந்த ஒரு அலுவலகத்துக்குக் கடைசிக் கணக்கெடுக்கப் போனார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தூசி, இருட்டு, மடக்கி வைத்த நாற்காலிகள். மீட்டர் பலகைக்குக் கீழே ஒரு சட்டி. அதில் முழ நீளத்துக்குக் கரும்பச்சையாக ஏழு இலைகள். தண்டு என்று ஒன்று கிடையாது. மண்ணிலிருந்து இலைகள் மட்டும் தனித்தனியாகக் கிளம்பி நின்றன.

"எடுத்துட்டுப் போம்மா" என்றார் காவலாளி. "நான் அதை பிளாஸ்டிக்னு நெனச்சு இத்தனை நாளா விட்டுட்டேன்."

"தண்ணி?"

"பிளாஸ்டிக்குக்கு யாரும்மா தண்ணி ஊத்துவா? மேல் மாடி ஆபீஸோட ஏசி பைப்பு ஒழுகும். அது எப்பவாவது சொட்டியிருக்கும்."

அக்கா பலகையை டார்ச் அடித்துப் பார்த்தார். மின்சாரம் துண்டித்திருந்ததால் முள் அசையவில்லை. "இந்த ஆபீஸ்ல இது ஒண்ணுதான் ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்லிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நாற்றுப்பண்ணையில் விசாரித்தபோது வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார்களாம். அக்கா அதற்கு 'இரும்பு இலை' என்று பெயர் வைத்தார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் நடுவில் கிணறு போல ஒரு சதுர வெளி உண்டு. எல்லோர் வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். டக்ட் என்போம். வெயில் இரண்டாம் மாடிச் சுவர் வரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அடித்தளத்துக்கு வருவதெல்லாம் மேலிருந்து விழும் துணிக் கிளிப்பும் சீப்பும் ஒற்றைக் காலுறையும்தான். அக்காவின் பின்கதவு அங்கேதான் திறக்கும். பெருக்கிக் கழுவி, அந்தச் சட்டியை வைத்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சட்டியைக் கவிழ்த்து, மண்ணுக்குள் பின்னிக்கிடக்கும் கிழங்கைக் கத்தியால் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இலை இருக்கும்படி புதுச் சட்டியில் நட்டார். ஒன்று மூன்றானது. ஒன்பது வருஷத்தில் பதினான்கு.

அவர் செடியைக் கவனித்த விதம் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய தூக்குத் தராசைக் கம்பியில் மாட்டி, சட்டிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பார். எடையைச் சட்டியின் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதுவார். நீர் ஊற்றிய அன்று ஆறு கிலோ இருந்த சட்டி ஐந்துக்கு இறங்கும் வரை ஒரு சொட்டு கிடையாது. "மேல்மண்ணைப் பாத்து ஏமாறக் கூடாது. அது காஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கும்" என்பார். பிறகு ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பார். அவ்வளவுதான். மிச்சமிருக்கும் ஆறு நாளும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு ஞாயிறு அப்படித் துடைத்துக்கொண்டிருந்தவர், மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடந்த ஒரு பூவைக் கண்டுபிடித்தார். பழுப்பு ஊதா நிறம், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. இலை விலக்கிக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கட்டடம் முழுக்க வந்து வரிசையில் நின்று குனிந்து பார்த்தது. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் மட்டும் மண்டியிட்டு, கிளினிக் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு பார்த்தார். "ஒளிஞ்சுக்கிட்டுப் பூக்குதே, இதுக்கு என்னம்மா கூச்சம்?" என்று கேட்டார். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். அன்றிலிருந்து அவருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கிறுக்கு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அந்த அறிவிப்பை ஒட்டினார். இரு சக்கர வண்டிகளுக்கு இடம் போதவில்லை. டக்டின் பக்கவாட்டுக் கம்பிக்கதவை அகலப்படுத்தினால் எட்டு வண்டி நிறுத்தலாம். மூன்று மாதம் கழித்து நடக்கும் பொதுக்கூட்டத்தில் முடிவு. செயலாளர் கெட்டவர் இல்லை. அக்காவிடம் நேரிலேயே வந்து சொன்னார்.

"அக்கா, செடி செழிப்பா இருந்தா நானே கை தூக்குறேன். ஏனோதானோன்னு இருந்தா வண்டி நிக்கட்டும். சரிதானே?"

"சரி சார்" என்றார் அக்கா. கதவை மூடிய பிறகு, அடுப்பில் வைத்ததை மறந்து வெகுநேரம் பின்வாசலில் நின்றிருந்தாராம். இதை அவருடைய கணவர்தான் பிறகு சொன்னார்.

இரண்டாவது வாரமே ஒரு இலை மஞ்சளானது. நான்காவது வாரம் ஐந்து சட்டிகளில் இலைகள் அடியில் கறுத்து, தொட்டால் கையோடு வந்தன. மண்ணில் ஒரு புளித்த வாடை. இருட்டையும் தூசியையும் ஒன்றரை வருஷத் தாகத்தையும் தாங்கிய செடி, கூட்டம் வருகிற நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. அக்கா இலையின் பின்பக்கத்தில் பூச்சி தேடினார். கிடைக்கவில்லை. பிறகு, அறிவிப்பு வந்த கவலையில் நாலு வாரமாகத் தொடாமலே விட்ட தராசை எடுத்தார். கடைசியாக ஐந்தே கால் கிலோ என்று எழுதியிருந்த சட்டி, அந்தப் புதன்கிழமை ஆறரை கிலோ காட்டியது. அவர் ஊற்றவே இல்லை.

அன்று மாலையே எல்லோரையும் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். கணவர், மாமியார், பல் டாக்டர். வேடிக்கை பார்க்க நாங்கள் நாலு பேர்.

"இருபத்திரண்டு வருஷத்துல கரண்டு திருடுறவங்களை நிறையப் பாத்திருக்கேன்" என்றார் அக்கா. "திருட்டுத்தனமாக் கொடுக்கிறவங்களை இப்பத்தான் பாக்குறேன். யாரு?"

கணவர்தான் முதலில் தலையைச் சொறிந்தார். ரொட்டி வேன் ஓட்டுபவர், பொய் சொல்லத் தெரியாதவர். "காலையில வேன் கழுவுவேன்ல. வாளியில மிச்சம் இருந்துச்சு. கூட்டம் வருதேன்னு கொஞ்சமா..."

"எத்தனை நாளா?"

"தினமும்தான். கொஞ்சமா."

"நீயுமாடா?" என்றார் மாமியார் பட்டென்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "அத்தை?"

"நான் என்ன குடம் குடமாவா ஊத்துனேன்? மாத்திரை போட்டுட்டு சொம்புல மிஞ்சறதைத்தான் ஊத்துனேன். வீணாப் போகுதேன்னு."

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை அத்தை?"

"காலைல மூணு, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு..." என்று விரல்விட்டு எண்ணியவர், நடுவில் நிறுத்திவிட்டார். "ஒவ்வொண்ணையும் தனித்தனியாத்தான் முழுங்குவேன். அதுக்கு என்ன இப்போ?"

பல் டாக்டர் நழுவப் பார்த்தார். அவர் கைப்பையில் கிளினிக்கில் வாய் கழுவ வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் ஊசிக்குழாய் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், ஊசி வேறயா?"

"வேர்ல நேராப் போய்ச் சேரணும்ல" என்றார் டாக்டர், வெட்கத்தோடு. "தினம் காலைல அஞ்சு ஊசி. ஒவ்வொரு சட்டிக்கும்."

"ஏன் அண்ணே" என்றார் அக்கா, "உங்ககிட்ட வர்றவங்களை எல்லாம் 'அவசரப்பட வேண்டாம், பொறுத்துப் பாப்போம்'னுதானே அனுப்புவீங்க?"

"அது பல்லும்மா. வாயில இருக்கு. இது பாவம், வாயில்லாம நிக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். ஆனால் அந்த ஐந்து சட்டிகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் யோசித்துப் பார்த்தேன். மூவரில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. வண்டிகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் எதையாவது செய்தாக வேண்டும் என்று கை துடித்தது, அவ்வளவுதான். அந்தத் துடிப்பு அன்பா, பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செடிக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. அதற்கு இரண்டும் தண்ணீர்.

அடுத்த ஞாயிறு அக்கா பதினான்கு சட்டிகளையும் கவிழ்த்தார். அழுகிய கிழங்கை நல்ல கிழங்கு தெரியும் வரை வெட்டினார். செய்தித்தாளில் பரப்பி ஒரு நாள் உலர்த்தினார். மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து புதுமண் போட்டார். ஐந்து சட்டி போனது போனதுதான். ஒன்பது மிஞ்சியது. சிலவற்றில் இரண்டே இலை.

"இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டார் கணவர்.

"ஒண்ணும் செய்யக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் யாரும்."

கட்டடத்துக்கு அதைவிடக் கஷ்டமான காலம் வந்ததில்லை. மாமியார் சொம்பில் மிஞ்சும் தண்ணீரை வேறு வழியில்லாமல் தானே குடித்துவிட்டு, அக்கா காதில் விழும்படி பெருமூச்சு விட்டார். கணவர் வாளியைத் தெருவில் கவிழ்த்துவிட்டு வந்தார். டாக்டர் தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். சட்டிகளுக்கு முன்னால் சிறிது நேரம் நிற்பார். "நான் பாக்கத்தான் வந்தேன்" என்று கேட்காமலே சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவார். ஒரு முறை பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து, "ரொம்பக் காஞ்ச மாதிரி இருக்கேம்மா" என்றார். அக்கா தராசைக் காட்டினார். ஐந்தரை கிலோ. டாக்டர் மறுபடி மாடி ஏறினார். எட்டு வாரத்தில் அக்கா இரண்டே முறைதான் ஊற்றினார்.

கூட்டம் ஒரு ஞாயிறு முற்பகல், தரைத்தள நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. முதலில் எல்லோரும் டக்டைப் பார்க்கப் போனோம். செயலாளர் சட்டி சட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"செழிப்புன்னு சொல்ல முடியாதுக்கா" என்றார் நேர்மையாக.

"சொல்ல முடியாதுதான் சார். அஞ்சு செத்துப்போச்சு." அக்கா மூன்று சட்டிகளைச் சுட்டிக்காட்டினார். காகிதத்தை இறுக்கிச் சுருட்டினாற்போல மூன்று புது இலைகள், விரல் நீளத்தில், நேராக நின்றன. "வெட்டிப் போட்டதுக்கு அப்புறம் வந்தது."

செயலாளர் ஒரு இலையைத் தொடக் கையை நீட்டினார். பின்னாலிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக, "தொடாதீங்க!" என்று கத்தின. அவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். கை தூக்கச் சொன்னபோது வண்டி வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் செடிக்குத்தான் தூக்கினார்கள். வண்டிகளை முன்வாசல் ஓரத்தில் நெருக்கி நிறுத்திக்கொள்வது என்று முடிவானது. செயலாளர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பொறுப்பு ஒருவர் பேரில் இருக்க வேண்டும். டக்டின் கம்பிக்கதவுச் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் சொல்லாமல் யாரும் சட்டியில் கை வைக்கக் கூடாது.

கேட்கவே தேவையில்லை என்பதுபோல அவர் தீர்மானப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். "தரைத்தளம், பின்வீடு..."

"இருங்க சார்" என்றார் அக்கா. "டாக்டர் பேரை எழுதுங்க."

பேனா நின்றது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நானா? என்னம்மா விளையாடுறியா? பாதிக்கு மேல ஊத்துனதே நான்தானே!"

"தெரியும் அண்ணே."

"ஏம்மா, ஒன்பது வருஷம் பாத்தவ நீ" என்றார் கணவர். "வேற யாரையாவது சொன்னாக்கூடப் பரவாயில்ல. அவரையா?"

"அவரைத்தான்."

செயலாளர் ஒரு முறை அக்காவையும் ஒரு முறை டாக்டரையும் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்து மாற்றி எழுதினார். அக்கா புத்தகத்தை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார். சாவியை டாக்டரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

ஏன் என்று கணவர் கேட்டார். மாமியார் ஒரு வாரம் கேட்டார். தராசு ஐந்து காட்டும் வரை இப்போது ஒரு சொட்டுகூட ஊற்றாத டாக்டர், படியில் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் கேட்கிறார். அக்கா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.